தோப்புக்குள் போட்ட வேலி
(அரசியல் சாசன நாள் நல்லிணக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைமை ஏற்றிருக்கும் பேராயர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, கூப்பிட்டதும் வந்துவிட்ட ஜமாஅத் தலைவர் பாய் அவர்களே, மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா அவர்களே, சேகர குருவானவர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத் தாய்மார்களே, வட்டாட்சியர் அவர்களே! உங்கள் துறையைப் பற்றியும் கொஞ்சம் பேசப்போகிறேன் சார், கோபித்துக்கொள்ள வேண்டாம். எல்லோருக்கும் வணக்கம், தோத்திரம். பொன்னாடை போர்த்தியே அரை மணி நேரம் போய்விட்டது. வாங்கிக்கொண்டவர்களில் நானும் ஒருவன் என்பதால் குறை சொல்ல முடியாது.

'கிறித்தவ விசுவாசமும் தேச ஒற்றுமையும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். அரசியல் நிர்ணய சபையில் நம்மவர்கள் செய்தது, அதிகாரத்தைப் பற்றி வேதம் சொல்வது, இளைஞர்கள் செய்ய வேண்டியது.

தனி மரம் தோப்பாகாது. எந்த மேடையிலும் நான் விடாத பழமொழி இது. 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார் சேலத்துக்காரர் கே.டி.பால். கிறித்தவர்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்று நம்மவர்களிலேயே பலர் கேட்ட காலம். பால் வேண்டாம் என்றார். நம் ஓட்டை நாமே எண்ணிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தால் நாட்டோடு எப்படிச் சேர்வது என்பது அவருடைய கவலை.

அப்புறம் அரசியல் நிர்ணய சபை. அதன் துணைத் தலைவர் வங்காளத்துக் கிறித்தவர் எச்.சி.முகர்ஜி. சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டுத் தொகுதிகள் வேண்டாம் என்ற தீர்மானத்தை 1949 மே மாதம் ஆலோசனைக் குழுவில் கொண்டுவந்தவரே அவர்தான். சென்னை லயோலா கல்லூரியின் ஜெரோம் டிசௌசா அடிகளாரும் அதை ஆதரித்தார். கிறித்தவரல்லாதவர்கள் பக்கமும் பெருந்தன்மைக்குக் குறைவில்லை. மதத்தைப் பரப்பும் உரிமை 1948 டிசம்பரில் விவாதத்துக்கு வந்தபோது, கிறித்தவப் பள்ளி, கல்லூரிகளில் பல வருடம் படித்தும் தன்னை யாரும் மதம் மாற்ற முயலவில்லை என்று சொல்லி ஆதரித்தவர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி.

சரி, இத்தனை நம்பிக்கையோடு கைகோத்தோமே, கிடைத்தது என்ன? சாசனம் நடைமுறைக்கு வந்த அதே 1950, ஆகஸ்ட் 10. பட்டியல் சாதி யார் என்று குடியரசுத் தலைவர் ஆணை வருகிறது. அதன் மூன்றாம் பத்தி அந்தப் பட்டியலை இந்து மதத்தோடு கட்டிப்போட்டது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். தலித் கிறித்தவரும் தலித் முஸ்லிமும் இன்றும் வெளியேதான்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே வீட்டை நடுவில் தடுத்துக் குடியிருப்பவர்கள். அண்ணன் அம்மன் கோயிலுக்குப் போவார், தம்பி ஞானஸ்நானம் வாங்கியவர். இருவருடைய பையன்களும் ஒரே வருடம் பிளஸ் டூ முடித்துச் சாதிச் சான்றிதழுக்குப் போகிறார்கள். கூடவே பாட்டியும் போகிறாள், பஸ் செலவுக்குச் சுருக்குப் பையோடு. பெரியவன் எஸ்.சி. சின்னவன் பி.சி. பாட்டிக்குக் கணக்குப் புரியவில்லை. "ஐயா, ரெண்டும் என் பேரப்பிள்ளைங்கதான். ஒண்ணுக்கு மட்டும் எப்படிய்யா சாதி மாறும்?" அலுவலர் பொறுமையானவர், மூன்றாம் பத்தியை விளக்கினார். பாட்டி முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாளாம்: "எங்க ஊரு டீக்கடையில ரெண்டு பேருக்கும் ஒரே தனி கிளாஸ்தான்யா. அந்தக் கடைக்காரன் ஒருநாளும் எந்தக் கோயிலுன்னு கேட்டதில்ல. அவனுக்குத் தெரிஞ்சது சர்க்காருக்குத் தெரியலியே!"

கைதட்டுங்கள், தட்டலாம். ஆனால் அடுத்ததைப் பேராயர் ஐயா முகத்தைப் பார்க்காமல் சொல்கிறேன். கல்லறைத் தோட்டத்தில் குறுக்குச் சுவர் வைத்திருக்கும் சபைகள் நம்மிடமும் உண்டு. தனி மரம் தோப்பாகாதுதான், ஆனால் தோப்புக்குள்ளேயே வேலி போட்டுக்கொண்டு டெல்லியிடம் மட்டும் எப்படி நியாயம் கேட்பது?

மத்திய அரசே அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லிவிட்டது. நம் சட்டமன்றமும் 2023 ஏப்ரலில் தலித் கிறித்தவர்களுக்காகத் தீர்மானம் போட்டது. ஆணையின் அந்தப் பத்தி அப்படியே இருக்கிறது.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். வேதம் சொல்வதைக் குருவானவர் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்வார். இளைஞர்களுக்கு ஒரே வேலைதான் தருகிறேன். வாசலில் பந்தலுக்கு இடப்பக்கம் மேசை போட்டிருக்கிறோம். மூன்றாம் பத்தியை நீக்கக் கோரும் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். பாய், தர்மகர்த்தா ஐயா, முதல் இரண்டு வரிகளை உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். பின்கோடு எழுத மறந்துவிடாதீர்கள்.