பழைய எம்ஜிபி காரின் சைடு மிரர்: புதிது வாங்கவா, இருப்பதைச் சரி செய்யவா?

வணக்கம். போன வீடியோவுக்கு வந்த கேள்விகளில் லண்டனில் இருக்கும் ஒரு நண்பர் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவரிடம் 1967 எம்ஜிபி ஜிடி இருக்கிறது, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். வலது பக்க சைடு மிரரில் குரோம் முலாம் முழுக்கப் புள்ளி விழுந்திருக்கிறது, கண்ணாடியும் கருத்திருக்கிறது, வண்டி ஓடும்போது மிரர் தானாகவே தலையைத் தொங்கப் போட்டுவிடுகிறது. இடது பக்கம் மிரரே இல்லை, மட்கார்டில் இரண்டு ஓட்டை மட்டும். "பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது ஜோடி வாங்கிவிடவா?" என்கிறார்.

அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். தலை தொங்குவதும் கண்ணாடி கருத்திருப்பதும் வீட்டிலேயே தீர்கிற வேலை. உலோகம் எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்பதுதான் கேள்வியே.

முதலில் அந்த ஓட்டைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1962-இல் எம்ஜிபி வந்த காலத்தில் இங்கிலாந்தில் வெளிப்பக்க மிரர் என்பது தனியாகக் காசு கொடுத்துப் போட்டுக்கொள்கிற பொருள். வண்டி வாங்கியவர் எதைக் கேட்டாரோ அதை, விற்றவர் எங்கே ஓட்டை போட்டாரோ அங்கே. அதனால் ஒரே வருடத்து இரண்டு எம்ஜிபியில் மிரர் வேறு வேறாக இருக்கும், இதுதான் ஒரிஜினல் என்று யாராவது அடித்துச் சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம். அமெரிக்காவில் 1968 ஜனவரி 1 முதல் ஓட்டுநர் பக்க மிரர் கட்டாயம், அதனால் அங்கே போய்த் திரும்பி வந்து வலது கை ஸ்டீயரிங்குக்கு மாற்றிய வண்டிகளில் இடது கதவில் பழைய ஓட்டை தெரியலாம். உங்கள் வண்டி 67 என்பதால் மட்கார்டு ஓட்டையையே நம்பலாம்.

இப்போது ஒரு வெள்ளைத் தாளை அந்த ஓட்டைகள் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள். வலது பக்க மிரரின் காலுக்கும், அதாவது வண்டியில் திருகுகிற அடிப்பாகத்துக்கும், அதேபோல் ஒன்று. ஹாம்ப்ஷயரில் பியூலியூ ஆட்டோஜம்பிள் செப்டம்பரில் நடக்கும், பழைய பாகங்களைத் தரையில் பரப்பி வைத்து விற்பார்கள், அங்கே போகும்போது இந்தத் தாள் சட்டைப் பையில் இருக்க வேண்டும். கூடவே ஒரு சின்னக் காந்தமும். ஒட்டினால் இரும்புத் தகடு. ஒட்டவில்லை என்றால் காலைத் திருப்பி உள்பக்கம் லேசாகச் சுரண்டிப் பாருங்கள்: மஞ்சளாக இருந்தால் பித்தளை, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். சாம்பல் நிறம் என்றால் துத்தநாகக் கலவை, அங்கே மசாக் என்பார்கள். அந்தக் காலத்து மிரர் கால்களும், தலையைத் தாங்குகிற கைகளும் பெரும்பாலும் அதுதான். இடது வலது பார்த்து எடுங்கள், கை வளைந்திருக்கும் பக்கம் மாறினால் பயன்படாது.

மசாக்கில் வருகிற புள்ளியை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது மேலே ஒட்டிய அழுக்கு இல்லை. குரோமில் இருக்கும் நுண்ணிய ஓட்டை வழியாக ஈரம் இறங்கி, அடியில் துத்தநாகம் வெள்ளைப் பொடியாகி, முலாமைக் கொப்புளம் மாதிரி மேலே தள்ளுகிறது. நகத்தால் வருடினாலே தட்டுப்படும். எத்தனை பாலிஷ் போட்டாலும் போகாது, போட்டுத் தேய்த்தால் கொப்புளத்தின் மூடி உடைந்து பள்ளம்தான் பெரிதாகும். சரியான வழி, பழைய முலாமை உரித்து, ஒவ்வொரு பள்ளத்தையும் நல்ல உலோகம் வரும்வரை சுரண்டி, செம்பு ஏற்றி, தேய்த்து, மறுபடி செம்பு ஏற்றி, மேடு பள்ளம் தீர்ந்த பிறகு நிக்கல், கடைசியில் குரோம். பளபளப்பு நிக்கலில் இருந்துதான் வருகிறது, மேலே இருக்கும் குரோம் மிக மெல்லிய படலம். வீட்டில் முயல வேண்டாம், இதில் சயனைடும் புற்றுநோய் உண்டாக்கும் குரோமியமும் புழங்குகின்றன. முலாம் போடுகிற கடையில் பொருளைக் கொடுக்கும்போதே மசாக் என்று சொல்லிவிடுங்கள், அமிலத்தில் சாதாரண இரும்பு மாதிரி ஊறப் போட்டால் காலே கரைந்துவிடும். பள்ளம் அடுத்த பக்கம் வரை போயிருந்தால் விட்டுவிடுங்கள், வேறு ஒன்றைத் தேடலாம்.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. இரும்புத் திருகும் துத்தநாகமும் ஈரத்தில் சேர்ந்திருந்து இறுகிப் போயிருக்கும். நான் ஒருமுறை பொறுமை இல்லாமல் கேஸ் டார்ச்சைக் காட்டினேன், மசாக் ஏறத்தாழ 385 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், திருகு அசைவதற்குள் காலின் ஓரம் வழிந்துவிட்டது. இன்னும் அது மனதை உறுத்துகிறது, அதற்கு ஜோடி கிடைக்கவே இல்லை. துருவிளக்கி எண்ணெய் விட்டு ஒரு நாள் வையுங்கள், அப்புறம் ஹாட் ஏர் கன்னை எட்டிப் பிடித்து மெதுவாகச் சூடாக்குங்கள், போதும்.

தலை தொங்குவதற்குக் காரணம் உள்ளே இருக்கும் உருண்டை மூட்டு. யாரோ கிரீஸ் வைத்திருப்பார்கள், இல்லை ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அந்த மூட்டு உராய்வில் நிற்பது, சுத்தமாகத் துடைத்து எண்ணெய்ப் பசையே இல்லாமல் புது ஸ்பிரிங் போட்டு இறுக்குங்கள்.

கண்ணாடிக்குப் பழையதைத் தாளில் வைத்து வரைந்து, கண்ணாடிக் கடையில் 2 மில்லிமீட்டர் மிரர் வெட்டி வாங்கலாம். அது சமதளம் என்றால்தான் இப்படி. குவி ஆடி என்றால் வளைந்த துண்டில் இருந்துதான் வெட்ட வேண்டும். ஒட்டுவதற்கு வினிகர் வாசனை அடிக்கும் சிலிகான் வேண்டவே வேண்டாம், அந்த அமிலம் பின்பக்க வெள்ளிப் பூச்சைத் தின்றுவிடும், சில மாதத்தில் ஓரம் கருக்கும். நியூட்ரல் க்யூர் என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

இடது பக்கத்துக்கு ஜோடி கிடைக்கும் வரை புதிதாகத் தயாரிக்கிற நகல் ஒன்றைப் போட்டு ஓட்டலாம், தப்பில்லை. மட்கார்டு மிரரைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும், ஒருவர் சீட்டில், ஒருவர் வெளியே. திருகை இறுக்குவதற்கு முன்னாலேயே இதைச் செய்துவிடுங்கள். காலுக்கு அடியில் ரப்பர் வைக்க மறக்காதீர்கள், ஓட்டையின் ஓரத்துக்கு பிரைமரும்.

நண்பரே, காலின் அடிப்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், உலோகம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.