மெதுவாகப் பறத்தல்

நேயர்கள் அனைவருக்கும் அன்பு வணக்கம்.

உங்களுக்குப் பிடித்த ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. விளையாட்டு மண்டபத்துக்குள் விமானம் விடுவதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆம், மண்டபத்துக்குள்ளேதான். கூரைக்குக் கீழே, நாலு சுவருக்குள்ளே, ரிமோட்டால் ஓட்டுகிற சின்ன விமானங்கள்.

ஜேர்மனியில் இருக்கிற உங்களுக்கு நவம்பர் மாதத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வேலை முடிந்து வெளியே வந்தால் இருட்டு. மழை, இல்லாவிட்டால் பனி, இரண்டும் இல்லாவிட்டால் காற்று. கோடையில் புல்வெளிகளில் விமானம் விடுகிற கழகங்கள் குளிர்காலத்துக்கு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபங்களை மாலை நேரத்தில் எடுத்துக்கொள்ளும். நீங்கள் பிள்ளைகளை பட்மின்டன் விளையாடக் கூட்டிக்கொண்டு போகிற அதே மண்டபம்தான். எங்களுக்கு முன்னால் கைப்பந்து விளையாடியவர்களின் வியர்வை மணம் அப்படியே இருக்கும். கறுப்பு அடிச் சப்பாத்து போட்டு உள்ளே போகக் கூடாது என்கிற சட்டமும் அப்படியே இருக்கும்.

இந்த விமானங்கள் எதனால் செய்தவை என்று கேட்பீர்கள். ஊரிலே ரெஜிபோம் என்று சொல்வோமே, மணவறை சோடிக்க வெட்டுகிறது, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் மணிமணியாக உதிராத, வழவழப்பான, மெல்லிய தகடு. டெப்ரொன் என்பது பெயர். 3 மில்லிமீற்றர், 6 மில்லிமீற்றர் தடிப்பில் வரும். விமானத்துக்கென்று செய்த பொருள் அல்ல அது. வீட்டுச் சுவரிலும் தரைக்குக் கீழும் குளிர் ஏறாமல் ஒட்டுவதற்கு விற்றது. மாதிரி விமானக்காரர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள், விடவில்லை. வளையாமல் இருக்க, பென்சில் கரியை விட மெல்லிய கார்பன் குச்சிகளைச் செட்டையில் ஒட்டிவிட்டால் போதும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கனம். இந்தப் பேச்சில் இந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கப் போகிறீர்கள்.

ஒரு சாதாரண விளையாட்டு மண்டபம் இங்கே 15 மீற்றர் அகலம், 27 மீற்றர் நீளம். மூன்று பகுதியாகப் பிரிக்கிற பெரிய மண்டபம் என்றால் 27க்கு 45. வெளியிலே விடுகிற ஒன்றரைக் கிலோ விமானம் எவ்வளவு மெதுவாகப் போனாலும் பொதுவாக மணிக்கு முப்பத்தைந்து கிலோமீற்றருக்குக் குறையாது. குறைந்தால் விழும். அந்த வேகத்தில் பெரிய மண்டபத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு ஐந்து விநாடி கூட இல்லை. திருப்ப நினைக்கும்போதே சுவர் வந்துவிடும்.

அப்படியானால் எப்படி மெதுவாகப் பறப்பது? இயற்கையின் கணக்கு இதுதான்: செட்டையின் பரப்பு அதே அளவாக இருக்க, வேகத்தைப் பாதியாக்க வேண்டுமென்றால் கனத்தை நாலில் ஒன்றாக்க வேண்டும். பாதி அல்ல, நாலில் ஒன்று. மூன்றில் ஒரு பங்கு வேகம் வேண்டுமா, ஒன்பதில் ஒரு பங்கு கனம்தான் இருக்கலாம். இதனாலேதான் நாங்கள் ஒவ்வொரு கிராமுக்கும் சண்டை பிடிக்கிறோம். எங்கள் மண்டபத்து விமானம் ஒன்று, செட்டை ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, மோட்டர், பற்றறி, எல்லாம் சேர்ந்து ஒரு கதலிப்பழத்தின் கனம். எழுபது, எண்பது கிராம். அது மணிக்குப் பத்துக் கிலோமீற்றரில், மெல்ல ஓடுகிற ஒரு மனிதனின் வேகத்தில், பறக்கும். பக்கத்திலே கூடவே ஓடலாம். பிள்ளைகள் ஓடுகிறார்கள்.

இதே விமானத்தை வெளியே கொண்டுபோனால் என்ன நடக்கும்? மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் காற்று என்பது முகத்தில் படுகிற தென்றல்தான். அந்தத் தென்றலுக்கு எதிராக இந்த விமானம் முன்னேறாமல் ஒரே இடத்தில் நிற்கும், கொஞ்சம் கூடினால் பின்னுக்குப் போகும். மண்டபத்துக்குள்ளேயும் வெப்பக் காற்று ஊதும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற ஹவுஸ்மைஸ்டரிடம் கெஞ்சுவோம். யாராவது பெரிய கதவைத் திறந்தால் பத்துக் குரல் ஒன்றாக எழும்பும்.

எங்கள் குழுவின் மூத்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இயந்திரத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஜேர்மன்காரர். எங்கே போனாலும் கடிதம் நிறுக்கிற சின்னத் தராசு ஒன்று அவர் பையில் இருக்கும். யாராவது புது விமானத்தோடு வந்தால் வணக்கம் சொல்வதற்கு முன் அதைத் தராசில் வைப்பார். பற்றறியில் ஒட்டியிருக்கிற விளம்பரத் தாளை உரிப்பார். வயரைக் குறுக்குவார். செருகியை வெட்டி எறிந்துவிட்டு நேராக ஈயம் வைத்து ஒட்டுவார். ஒட்டுநாடா நீளமாக இருந்தால் அதுவும் போகும். முதலில் எங்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது. அவர் விமானம் பறந்ததைப் பார்த்த பிறகு எல்லோரும் தராசு வாங்கினோம்.

ஒருநாள் மாலை, எங்கள் தமிழ் நண்பர் ஒருவர் தன் அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஊரிலிருந்து வந்து சில வாரம்தான். சொந்த இடம் வல்வெட்டித்துறை. தைப்பொங்கலுக்குக் கடற்கரையிலே பட்டப் போட்டி நடக்கிற ஊர். தலையில் கம்பளித் தொப்பி, மேலே பெரிய குளிரங்கி, வாங்கில் ஓரமாக இருந்தா. விமானங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டா.

"தம்பி, நூல் எங்கை?"

"நூல் இல்லை அம்மா. ரிமோட்டிலைதான் விடுறம்."

"சத்தம் கேக்குது. விண் பூட்டியிருக்கோ?"

விண் தெரியாத இளையவர்களுக்குச் சொல்கிறேன். பட்டத்தின் மேலே வில் மாதிரி கட்டி, நாரை இழுத்துப் பூட்டிவிட்டால், காற்றிலே அது இரவெல்லாம் கூவும். "இல்லை அம்மா, அது மோட்டர்ச் சத்தம்" என்றேன். அவ நம்பின மாதிரித் தெரியவில்லை.

எங்கள் தராசுப் பெரியவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என்ன கேட்கிறா என்பது விளங்கிவிட்டது. தன் விமானத்தைக் கொண்டுவந்து அவவுக்கு முன்னால் மூக்கு மேலே, வால் கீழே என்று செங்குத்தாக நிறுத்தினார். தரையில் அல்ல, காற்றிலே. மோட்டர் இழுக்கிற இழுப்பு விமானத்தின் கனத்தைவிடக் கூட இருந்தால் செட்டையே தேவையில்லை, முன்விசிறியிலேயே தொங்கும். விசிறியின் காற்று வாலில் படுவதால் வாலை அசைத்து அசைத்து அதை நிமிர்த்தி வைத்திருக்கலாம். கை ஒரு கணமும் ஓயக் கூடாது. அப்படியே வைத்துக்கொண்டு, அம்மம்மாவைப் பார்த்துக் கையை நீட்டச் சொல்லிச் சைகை காட்டினார். அவ பயப்படவில்லை. விசிறிக்கு எட்டாமல் கீழே உடம்பில் பிடித்தா. மோட்டர் நின்றது. பிறகு உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னா: "இது காத்திலை நிக்கேல்லை. தன்ரை பலத்திலை நிக்குது."

இதைவிடச் சரியாக எந்தப் பொறியியலாளரும் சொல்ல முடியாது. பட்டத்துக்குக் காற்று வேண்டும், நூல் வேண்டும். இதற்குக் காற்றே இருக்கக் கூடாது. தனக்கு வேண்டிய காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. நான் இதைப் பெரியவருக்கு மொழிபெயர்த்தேன். அன்றைக்கு அவர் அந்த விமானத்தை அம்மம்மா கையிலிருந்து திருப்பி வாங்கவில்லை. இன்றைக்கும் அது பருத்தித்துறைப் பக்கம் ஒரு வீட்டில் சுவரில் தொங்குகிறது.

இப்படி ஒரு விமானம் முப்பது வருடத்துக்கு முன் சாத்தியமே இல்லை. அப்போதிருந்த நிக்கல் காட்மியம் பற்றறிகள் அவ்வளவு கனம். 2000க்குப் பிறகு லித்தியம் பொலிமர் பற்றறிகள் வந்தன. மோட்டரின் கதை அதைவிட அழகு. தூக்கி எறிந்த கணினிகளின் சிடி டிரைவுகளைக் கழற்றி, அதற்குள் இருக்கிற சின்ன மோட்டரை எடுத்து, செப்புக் கம்பியைத் தாங்களே திரும்பச் சுற்றி, பலமான காந்தம் வைத்து, பொழுதுபோக்குக்காரர்கள் விமான மோட்டராக்கினார்கள். பல நாடுகளில், சமையலறை மேசைகளில் நடந்த வேலை இது. கடைகளில் அந்த வகை மோட்டர்கள் நிறைந்தது அதன் பிறகுதான்.

இன்னொன்றும் மாறியது. முன்பு ஐரோப்பாவில் 35 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை. ஆளுக்கொரு சனல். ஒரே சனலில் இருவர் ரிமோட்டைப் போட்டால் பறந்துகொண்டிருக்கிற விமானம் விழும். ஆகவே ஒரு பலகை, அதிலே இலக்கம் எழுதிய உடுப்புக் கொழுவும் கிளிப்புகள். உன் இலக்கக் கிளிப்பு கையில் இல்லாமல் ரிமோட்டைத் தொடக் கூடாது. இப்போது 2.4 கிகாஹேர்ட்ஸ், அந்தக் கவலை இல்லை. ஐந்தாறு பேர் ஒன்றாகப் பறக்கிறோம். எல்லோரும் ஒரே பக்கமாகச் சுற்றுவோம், கீழே இறக்குகிறவர் சத்தமாகச் சொல்வார். முட்டினாலும் பெரிய சேதமில்லை. கனம் இல்லாததற்கு வலுவும் இல்லை, அடியும் இல்லை. மறுபடியும் கனம்தான், பாருங்கள்.

இதிலே உலகப் போட்டியும் இருக்கிறது. பன்னாட்டு வான் விளையாட்டுச் சம்மேளனம் எஃப்3பி என்ற பிரிவில் நடத்துகிறது. 2013 இல் இங்கே கோபுர்க் நகரில் நடந்தது. இசைக்கு விமானத்தை ஆட வைக்கிற பகுதியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் தங்கை கையைக் காட்டுகிறா. சரி, இரண்டு நிமிடம் கூட இல்லையாம்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு வேகமாகச் சொல்கிறேன். தனியாகத் தொடங்காதீர்கள், உங்கள் ஊர் மாதிரி விமானக் கழகம் குளிர்காலத்தில் எந்த மண்டபத்தில் கூடுகிறது என்று கேட்டுப் போங்கள், போய் வாங்கில் இருந்து பாருங்கள். முதல் விமானம் டெப்ரொனில் வேண்டாம். ஈபிபி என்று இன்னொரு நுரை, கார் பம்பருக்குள் வைப்பது, மோதினால் நசுங்கித் திரும்பி வரும். கொஞ்சம் கனம், ஆனால் பழகுவதற்கு அதுதான் நல்லது. சாதாரண சூப்பர் குளு டெப்ரொனைக் கரைத்துவிடும், நுரைக்கென்று விற்கிற பசையைக் கேட்டு வாங்குங்கள். கடைசியாக, லித்தியம் பற்றறியைச் சார்ஜ் போட்டுவிட்டு அறையை விட்டுப் போகாதீர்கள், இரவில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். வீங்கின பற்றறியை மறுபடி பாவிக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்த பிறகே ரிமோட்டைக் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.