கார்புரேட்டரை மாற்றினீர்கள், கியர்பாக்ஸுக்குச் சொன்னீர்களா?

நேயர்களுக்கு வணக்கம். பழைய அமெரிக்கக் கார்களைப் புதுப்பிப்பது பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். பெயின்ட், குரோம், சீட் கவர் பற்றியெல்லாம் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு கேபிளைப் பற்றிப் பேசப்போகிறேன். பேனாவைவிட மெல்லிய கேபிள்தான். ஆனால் அதைக் கவனிக்காமல் விட்டதால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையே கழற்றிப் பிரிக்க நேர்ந்தவர்கள் பலர்.

1980களில் வந்த செவர்லே வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வி-8 எஞ்சின், மேலே பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும், கம்பெனி பொருத்திய ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டர், பின்னால் 700ஆர்4 கியர்பாக்ஸ். 1982 மாடலிலிருந்து வந்த நான்கு கியர் பெட்டி அது. குவாட்ராஜெட் தொல்லை கொடுக்கிறது என்று அதைக் கழற்றிவிட்டு, ஹாலி அல்லது எடல்பிராக் கம்பெனியின் கார்புரேட்டரை வாங்கி மாட்டுகிறார்கள். பெட்ரோல் லைன், வேக்குவம் டியூப், சோக் ஒயர் எல்லாம் சரியாக மாட்டுவார்கள். கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் மட்டும் புது கார்புரேட்டரின் லீவரில் எந்த ஓட்டையிலும் ஒழுங்காக உட்காராது. அங்கேதான் கட்டுக்கம்பி வெளியே வரும். சில இடங்களில் பிளாஸ்டிக் டையும் வரும்!

இந்தக் கேபிளைப் பலரும் கிக்டவுன் கேபிள் என்றே நினைக்கிறார்கள். ஓவர்டேக் செய்ய முழுசாக மிதித்தால் கியரைக் கீழே இறக்கும், அவ்வளவுதான் வேலை என்று கணக்கு. அதே கம்பெனியின் பழைய டர்போ 350 கியர்பாக்ஸில் அந்தக் கணக்கு சரி. அதில் எஞ்சின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்பதை, எஞ்சினின் உறிஞ்சு விசையை உணரும் வேக்குவம் மாடுலேட்டர் பார்த்துக்கொள்ளும். கேபிள் கிக்டவுனுக்கு மட்டும். டர்போ 400-இல் கேபிளே கிடையாது, ஒரு மின்சார ஸ்விட்ச் போதும். 700ஆர்4-இல் வேக்குவம் மாடுலேட்டர் இல்லை. ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்தப் பெட்டிக்கு இருக்கும் ஒரே வழி இந்தக் கேபிள்தான்.

கேபிள் இழுபடும்போது உள்ளே ஒரு வால்வின் ஸ்பிரிங் அழுந்துகிறது, ஆயில் பிரஷர் ஏறுகிறது. அந்த பிரஷர்தான் கிளட்ச் தட்டுகளை நழுவாமல் இறுக்கிப் பிடிக்கிறது. கேபிள் லூஸாக இருந்தால் எஞ்சின் முழு பலத்தோடு இழுக்கும். கியர்பாக்ஸோ வண்டி ஏதோ மெதுவாகப் போகிறது என்று எண்ணிக் குறைந்த பிரஷரிலேயே இருக்கும். கியர் சீக்கிரமே மாறும், மெத்தென்று மாறும். ஓட்டுகிறவருக்கு அது சொகுசாகக்கூடத் தெரியும். உள்ளே தட்டுகள் நழுவிக் கருகிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது கியர்களுக்கான கிளட்சுதான் முதலில் பலியாகும்.

சரி, எப்படி மாட்டுவது? முதலில் கியர்பாக்ஸை மறந்துவிட்டு ஆக்சிலரேட்டரைப் பாருங்கள். எஞ்சினை அணைத்து, வண்டிக்குள் ஒருவரை உட்காரவைத்து, பெடலைத் தரைவரை மிதிக்கச் சொல்லிவிட்டு, ஏர் கிளீனரைக் கழற்றி மேலிருந்து எட்டிப் பாருங்கள். உள்ளே இருக்கும் தகடுகள் செங்குத்தாக நிற்க வேண்டும். பல வண்டிகளில் முக்கால்வாசிதான் திறந்திருக்கும். பெரிய கார்புரேட்டர் வாங்கியும் வண்டி இழுக்கவில்லையே என்று புலம்புகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குவாட்ராஜெட் உட்கார்ந்திருந்த மேனிஃபோல்டில் புதியதைப் பொருத்த அடாப்டர் தகடு வைத்திருந்தால் கார்புரேட்டர் உயர்ந்துவிடும், கேபிளின் கோணமும் மாறும். கேபிளைப் பிடிக்கும் பிராக்கெட்டையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும். ரிட்டர்ன் ஸ்பிரிங் இரண்டு போடுங்கள். ஒன்று அறுந்தாலும் மற்றது மூடும்.

இனி கியர்பாக்ஸ் கேபிள். கார்புரேட்டர் லீவரில் அது மாட்டும் முளை, லீவர் சுழலும் ஷாஃப்டின் மையத்திலிருந்து ஏறக்குறைய 1.1 அங்குலத்தில் இருக்க வேண்டும். கோணமும் குவாட்ராஜெட்டில் இருந்ததுபோலவே அமைய வேண்டும். முழுத் திறப்பில் கேபிள் முழுசாக இழுபட்டால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நாம் முழுசாக மிதித்து ஓட்டுவது எவ்வளவு நேரம்? ஊருக்குள் கால்வாசி மிதிப்பில்தான் வண்டி ஓடுகிறது. முளை தவறான இடத்தில் இருந்தால் கடைசியில் கணக்கு சரியாக வந்தாலும் அந்தக் கால்வாசியில் பிரஷர் பின்தங்கும். இதற்கென்றே திருத்தப் பிராக்கெட் விற்கிறார்கள். பளபளக்கும் ஏர் கிளீனருக்குப் பணம் இருக்கிறவர்கள் இதில் மிச்சம் பிடிப்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

செட்டிங் செய்வது சுலபம். சோக் முழுசாகத் திறந்து, லீவர் சாதாரண ஐடிலில், அதாவது பெடலை மிதிக்காத நிலையில், இருக்கட்டும். கேபிள் பிராக்கெட்டில் உட்காரும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தும்படி ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திக்கொண்டே, சறுக்கும் உருளையைக் கார்புரேட்டருக்கு எதிர்ப்பக்கமாக உள்ளே தள்ளுங்கள். பொத்தானை விட்டுவிட்டு, கார்புரேட்டர் லீவரைக் கையால் முழுத் திறப்புவரை திருப்புங்கள். கடகடவென்று பற்கள் நகரும் சத்தம் கேட்கும். கேபிள் தன் அளவைத் தானே பிடித்துக்கொள்ளும். ஐடிலுக்குத் திரும்பியதும் கேபிள் தொய்யாமல் இருக்க வேண்டும், இழுத்துப் பிடித்துக்கொண்டும் இருக்கக் கூடாது.

கிரைஸ்லர் கம்பெனியின் டாட்ஜ், பிளிமத் வைத்திருப்பவர்களுக்கு டார்க்ஃபிளைட் கியர்பாக்ஸ். அங்கே கேபிளுக்குப் பதில் இரும்பு ராடு, வேலை அதேதான். முழுத் திறப்பில் கியர்பாக்ஸ் லீவர் பின்பக்கமாகக் கடைசிவரை போக வேண்டும், அதே நேரம் கார்புரேட்டர் முழுசாகத் திறப்பதை அது தடுக்கக் கூடாது. எடல்பிராக் போடுகிறவர்கள் கிரைஸ்லருக்கென்று தனியாக விற்கும் லீவர் அடாப்டரையும் சேர்த்து வாங்குங்கள். ராடுக்குத் தனி ஸ்பிரிங் தேவை. கார்புரேட்டர் ஸ்பிரிங் அதையும் சேர்த்து இழுத்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் கியர்பாக்ஸில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்ப்பது உத்தமம். லீவரைக் கொஞ்சம் திறந்தவுடனேயே முள் ஏறத் தொடங்க வேண்டும். கேஜ் இல்லாதவர்கள் முதல் சில வாரங்கள் கியர்பாக்ஸின் ஆயில் குச்சியை அடிக்கடி இழுத்துப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் ஓட்டலாம். பழுப்பேறித் தீய்ந்த வாடை அடித்தால், வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டுக் கேபிளைப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.