வாயில் வந்த பெயர் அன்னம்மாள்

நடுவர் அவர்களே, வணக்கம். கிறிஸ்தவத் திருச்சபையில் சீர்திருத்தத்தைத் தொடங்கிய ஜெர்மானியர் மார்ட்டின் லூதரைத் துறவியாக்கியது வீடா, மின்னலா என்பது தலைப்பு. வீடுதான் என்பது என் கட்சி. எதிரணி நண்பர் மேடையிலேயே இடி இடித்துக் காட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். சரி, இடி விழுந்தது உண்மைதான். 1505 ஜூலை 2, ஸ்டோட்டர்ன்ஹைம் கிராமத்துப் பக்கம். 21 வயது சட்ட மாணவர் அலறினார்: "அன்னம்மாளே, காப்பாற்று! நான் துறவியாகிறேன்!"

எத்தனையோ புனிதர்கள் இருக்க, ஏன் அன்னம்மாள்? லூதரின் அப்பா ஹான்ஸ், மான்ஸ்ஃபெல்டில் செம்பு வெட்டி உருக்கும் தொழிலில் இருந்தவர். சுரங்கக்காரர்களின் காவல் புனிதை அன்னம்மாள். உயிர் போகிற நேரத்தில் வீட்டில் கேட்டு வளர்ந்த பெயர்தானே வாயில் வரும்! அன்றைக்கு அவர் எங்கிருந்து வந்துகொண்டிருந்தார்? பெற்றோரைப் பார்த்துவிட்டு, தான் படித்த எர்ஃபர்ட் நகரத்துக்கு. இதை நண்பர் சொல்லவே இல்லை.

ஒரு கொட்டையை எடுத்ததற்காக அம்மா ரத்தம் வர அடித்தார். அந்தக் கண்டிப்புதான் தன்னை மடத்துக்குத் துரத்தியது என்று பிற்காலத்தில் லூதரே சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் அடித்தார் என்றும் சேர்த்துச் சொன்னார், பாவம். சாட்சி சொல்பவரே லூதர், நடுவர் அவர்களே. இதற்கு மேல் நான் என்ன வாதாட?

பயத்தில் சொன்ன வார்த்தை என்கிறார்கள். மடத்துக்குள் அவர் போனது ஜூலை 17. நனைந்த சட்டை காய்வதற்கு இரண்டு வாரம் போதாதா?

"அப்பா எதிர்த்தாரே, அப்புறம் வீடு எப்படிக் காரணம்?" என்று அடுத்துக் கேட்பார்கள். எதிர்த்தார்தான். மகன் முதுகலைப் பட்டம் வாங்கியதும் "நீ" போய் "நீங்கள்" என்று அழைத்த மனிதர், துறவியானதும் மறுபடி "நீ" என்றார். சட்டம் படித்துப் பெரிய ஆளாக வேண்டும் என்ற அவருடைய கனவு எவ்வளவு கனமாக மகன் தலையில் இருந்திருக்கும், பாருங்கள்!

1507இல் மகன் குருவாகி நடத்திய முதல் திருப்பலிக்கு அதே அப்பா 20 குதிரைக்காரர்களோடு வந்தார்; மடத்துச் சமையலறைக்கு 20 குல்டன் காசு கொடுத்தார். விருந்தில் மகன், "ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்க, எல்லார் முன்னாலும் வெடித்தார்: தாய் தந்தையை மதி என்ற கட்டளையை நீ கேட்டதில்லையா? அன்றைக்கு உன்னை அழைத்தது பேயாக இருந்தால்?

அந்தக் கேள்வி 14 வருடம் லூதரை விடவில்லை. 1521இல் துறவற வாக்குறுதிகளை எதிர்த்து ஒரு நூல் எழுதி, அன்று நீங்கள் சொன்னது உள்ளே தைத்தது என்று முன்னுரையில் ஒப்புக்கொண்டார். நடுவர் அவர்களே, அந்த முன்னுரை யாருக்கு எழுதிய கடிதம் தெரியுமா? ஹான்ஸ் லூதருக்கு.