ஹைபிரிட்டா, டீசலா? ஆறு வருட நோட்டைத் திறக்கிறேன்

வணக்கம் நண்பர்களே. கையில் இருப்பது, டேங்க் நிரப்பும்போதெல்லாம் நான் எழுதி வந்த நோட்டு. நான்கு வருடம் டீசல் கார், அதன் பிறகு இரண்டு வருடமாக ஹைபிரிட், அதாவது பெட்ரோல் என்ஜினோடு மின் மோட்டாரும் பேட்டரியும் உள்ள கார். இரண்டில் எதற்குச் செலவு குறைவு என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: வண்டியை ஒருமுறை கிளப்பினால் எத்தனை கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அணைக்கிறீர்கள்?

நெரிசலில் பிரேக்கை மிதிக்கும்போது, எரிபொருள் செலவழித்துச் சேர்த்த வேகம் முழுவதும் வெறும் சூடாகப் போய்விடுகிறது. ஹைபிரிட் அதில் ஒரு பகுதியை மோட்டார் வழியாகப் பேட்டரியில் சேமித்து, அடுத்த சிக்னலில் வண்டியை நகர்த்தப் பயன்படுத்துகிறது. நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது பிரேக்குக்கே வேலை இல்லை, சேமிக்கவும் எதுவும் கிடைப்பதில்லை. அங்கே டீசலின் கை ஓங்கும். ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடச் சுமார் 10 சதவீதம் கூடுதல் ஆற்றல் இருக்கிறது. என்ஜினின் அழுத்த விகிதமும் (உள்ளே காற்றை எவ்வளவு இறுக்குகிறது என்பது) அதிகம், அதனால் அதே எரிபொருளில் கூடுதல் வேலை வாங்குகிறது.

இப்போது நோட்டுக்கு வருகிறேன். நகருக்குள் 100 கிலோமீட்டருக்கு என் டீசல் கார் 6.7 லிட்டர் குடித்தது, ஹைபிரிட் 4.2 லிட்டர். நெடுஞ்சாலையில் டீசல் 4.8, ஹைபிரிட் 5. வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் நகருக்குள்ளேயே ஓடினால் டீசல் 1,005 லிட்டர், ஹைபிரிட் 630 லிட்டர். டீசல் விலை பெட்ரோலைவிட 10 சதவீதம் குறைவு என்று வைத்துக்கொள்வோம். அந்த 1,005 லிட்டர் டீசலுக்கான பணத்தில் சுமார் 905 லிட்டர் பெட்ரோல் வாங்கலாம். அப்படியும் ஹைபிரிட்காரருக்கு 275 லிட்டர் மிச்சம். அதே தூரம் முழுவதும் நெடுஞ்சாலை என்றால் கணக்கு திரும்பி, டீசல்காரருக்குச் சுமார் 100 லிட்டர் பெட்ரோலின் விலை மிச்சமாகிறது. இரண்டு எரிபொருளும் ஒரே விலை என்றால் அந்த மிச்சம் 30 லிட்டராகச் சுருங்கிவிடும். உங்கள் வண்டியின் எண்களைப் போட்டுப் பாருங்கள். விளம்பரத்தில் வரும் மைலேஜ் வேண்டாம். டேங்கை முழுதாக நிரப்பி, ஓட்டி, மறுபடி முழுதாக நிரப்பி எடுத்த கணக்கைப் போடுங்கள்.

எரிபொருள் கணக்கைவிட என் மனத்தை மாற்றியது பழுதுச் செலவு. வீட்டிலிருந்து அலுவலகம் 4 கிலோமீட்டர்தான். மூன்றாம் வருடத்தில் டீசல் காரில் ஒரு விளக்கு எரிந்து அணையவே இல்லை. டி.பி.எஃப், அதாவது புகையில் வரும் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி, அடைத்துக்கொண்டது. சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்க அது ஏறக்குறைய 600 டிகிரி வரை சூடாக வேண்டும். 4 கிலோமீட்டரில் என்ஜினே சரியாகச் சூடாகாது, வடிகட்டி எப்படிச் சூடாகும்? எரிக்கத் தொடங்கும் நேரத்தில் நான் வண்டியை அணைத்துவிடுவேன். அதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் கொஞ்சம் கொஞ்சமாக என்ஜின் ஆயிலில் கலந்து அதையும் நீர்க்க வைத்தது. விற்றவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்கு இருக்கிறது. ஓட்டும் தூரத்தைக் கேட்காமல் யாருக்கும் டீசல் கார் விற்கக் கூடாது. 2,000 பார் அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள், என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ, சில கார்களில் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியா கரைசல் என்று மற்ற செலவுகளும் உண்டு. தினமும் நீண்ட தூரம் ஓடும் டீசலில் இவை அவ்வளவு சீக்கிரம் தொல்லை தருவதில்லை.

ஹைபிரிட்டில் மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் பேட் மெதுவாகத் தேய்கிறது. என் காரில் கிளட்ச் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் இல்லை. பயம் பேட்டரியைப் பற்றித்தான். மாற்ற நேர்ந்தால் பெரிய செலவு, மறைக்க மாட்டேன். பழைய வண்டி வாங்குகிறவர்கள் பேட்டரியைச் சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பேட்டரிக்குக் கேடு செய்வது சூடு. அதைக் குளிர்விக்கும் காற்று என் காரில் பின் இருக்கையின் ஓரத்தில் உள்ள இந்தத் துளை வழியாகப் போகிறது. இதன் மேல் பையையோ துணியையோ வைக்காதீர்கள். உள்ளே ஒரு சின்ன ஃபில்டர் இருக்கிறது, கழற்றிக் காட்டுகிறேன். கேமராவைக் கொஞ்சம் கீழே கொண்டுவருகிறேன்... பாருங்கள், ஆறு மாதத் தூசி. ஒரு தூரிகையும் பத்து நிமிடமும் போதும்.