கல்லாவில் விழும் காசும் கணக்கில் ஏறும் காசும்

(மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள ஜார்ஜ் டவுனில் நடைபெற்ற சிறுவணிகர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய கூட்டத் தலைவர் அவர்களே, மாநில அரசின் சார்பில் இந்தக் கொட்டும் மழையிலும் குறித்த நேரத்துக்கு வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் அதிகாரி அவர்களே, மண்டபத்தையும் பகலுணவையும் நமக்கு மனமுவந்து அளித்த ஆலய நிர்வாகத் தலைவர் டத்தோ அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, வங்கிக் கிளையிலிருந்து வந்திருக்கும் நண்பர் அவர்களே, பூக்கடை, பலகாரக் கடை, துணிக்கடை, மளிகைக் கடை, சாலையோர ஒட்டுக்கடை என்று விடியுமுன் எழுந்து கதவு திறக்கும் என் உடன்பிறப்புகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

டத்தோ அவர்களைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் நான் தொடங்க முடியாது. இந்த மண்டபத்துக்கு நம்மிடம் அவர் ஒரு முறைகூட வாடகை வாங்கியதில்லை. ‘மின்சாரக் கட்டணத்தையாவது ஏற்றுக்கொள்கிறோம்’ என்று நம் செயலாளர் கேட்டபோது, ‘அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்’ என்றவர் அவர். தலைமையாசிரியை அம்மையாரும் அப்படித்தான். சனிக்கிழமை அவருக்கு ஓய்வு நாள், இருந்தும் வந்திருக்கிறார். அவர் வந்த காரணத்தை உரையின் கடைசியில் சொல்கிறேன்.

‘சிறு வணிகர்கள் வாடிக்கையாளர்களை ரொக்கமாகப் பணம் கொடுக்கும்படி ஊக்குவிக்கலாமா?’ என்பது சங்கம் எனக்குத் தந்த தலைப்பு. லெபோ பாசார் தெருவில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தால் இந்தக் கேள்வி ஏன் எழுந்தது என்று விளங்கிவிடும். ஒரு கடை வாசலில் ‘ரொக்கம் மட்டும்’ என்று அட்டை தொங்குகிறது. நான்கு கடை தள்ளி இன்னொரு வாசலில் ‘ரொக்கம் வாங்குவதில்லை’ என்று கண்ணாடியிலேயே எழுதியிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் கையில் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) நோட்டோடு ஒரு பாட்டி நிற்கிறார். வாடிக்கையாளரின் வசதி, வணிகருக்கு ஆகும் செலவு, திருட்டிலிருந்தும் மோசடியிலிருந்தும் பாதுகாப்பு, வரி ஆகிய நான்கு செய்திகளை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அதற்கு முன் என் தந்தையாரை நினைத்துக்கொள்கிறேன். அவர் லெபோ பினாங்குத் தெருவில், செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கி ஒன்றில், கணக்கெழுதும் பெட்டியடிப் பையனாக வாழ்க்கையைத் தொடங்கியவர். தரையில் பாய் விரித்து, சாய்வான மூடி போட்ட மரப்பெட்டியின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்து, அந்த மூடியையே மேசையாக்கிப் பேரேடு எழுதிய தலைமுறை அது. மாலையில் பெட்டியில் இருக்கும் காசும் ஏட்டில் இருக்கும் தொகையும் ஒத்துப்போகாமல் யாரும் சாப்பிட எழக் கூடாது என்பது அங்கே விதி. ஐந்து காசு குறைந்தாலும் விளக்கு அணையாது. ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்ற பழமொழியை அவர் வாயால் நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. இன்றைய கேள்விக்கும் என் விடை அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் வாடிக்கையாளர். நம் கடைகளுக்கு வருகிறவர்கள் யார்? ஓய்வூதியம் வாங்கும் முதியவர்கள், நாள் கூலிக்கு வேலை செய்கிறவர்கள், வங்கிக் கணக்கே இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளர்கள், பள்ளி விட்டு இரண்டு வெள்ளியை உள்ளங்கையில் மடித்து வைத்துக்கொண்டு ஓடி வரும் பிள்ளைகள். இவர்களிடம் ‘ஸ்கேன் செய்யுங்கள்’ என்று அட்டையைக் காட்டினால், ‘உங்களுக்கு இங்கே இடமில்லை’ என்று சொன்னதாகவே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இது எனக்குக் கதையாகத் தெரிந்த செய்தியன்று, கண்ணால் கண்டது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதி கேட்கிறேன்.

தைப்பூசத்துக்கு முந்திய நாள் காலையில் லெபோ பினாங்கில் செட்டியார்களின் கோயில்வீட்டிலிருந்து முருகனின் வெள்ளி ரதம் புறப்பட்டுத் தண்ணீர்மலைக் கோயில் பக்கம் போகும் காட்சியை இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தெருவெல்லாம் குவித்து வைத்த தேங்காய். உடைந்த இளநீரில் கால் வழுக்கும். அந்த வழியில் பூக்கட்டி விற்கும் ஓர் அம்மையார் இருக்கிறார். சிறியவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் ‘அக்கா’தான். சில ஆண்டுகளுக்கு முன், அந்த ஒரு நாளுக்காகவே, அவருடைய மகன் கியூஆர் அட்டையொன்றை அச்சடித்து மேசையில் ஒட்டிக் கொடுத்திருந்தார். ‘அம்மா, இனி மைலோ டின்னில் சில்லறை தேட வேண்டாம்’ என்பது மகனின் அன்பு.

கூட்டம் சேரச் சேரக் கைபேசித் தொடர்பு திணறத் தொடங்கியது. பச்சை வேட்டி கட்டிய ஒரு தம்பி, மாலையும் உதிரிப்பூவுமாக 18 வெள்ளிக்கு வாங்கிவிட்டுக் கைபேசியை நீட்டினார். திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவர் கைபேசியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பார்த்தார். சாலையின் எதிர்ப்புறம் ஓடிப்போய்ப் பார்த்தார். பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். நாதசுர ஒலி நெருங்கி வருகிறது. தம்பியின் பையில் ஒரு வெள்ளி நோட்டுகூட இல்லை, கண் கலங்கிவிட்டது. அக்கா மாலையை எடுத்து அவர் கையில் திணித்து, ‘போங்க தம்பி, சாமி வந்துடுச்சு’ என்றார். ‘அக்கா, காசு?’ என்றார் தம்பி. அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பேத்தியைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார்: ‘எழுது.’

அந்தப் பிள்ளை பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியது. ‘பச்சை வேட்டி அண்ணன், 18 வெள்ளி.’ அடுத்து, ‘இரட்டைப் பிள்ளை அம்மா, 6 வெள்ளி.’ ‘மூக்குக் கண்ணாடி தாத்தா, சாமந்தி, 4 வெள்ளி.’ ரதம் அந்தத் தெருவைக் கடப்பதற்குள் 27 பெயர்கள், அல்லது பெயருக்குப் பதிலாக 27 அடையாளங்கள் ஏறிவிட்டன. சட்டைப் பையில் பத்து வெள்ளி நோட்டுகளோடு வந்த ஒரு பெரியவர் மட்டும் தம் பூவுக்கும் கொடுத்து, முன்பின் தெரியாத மூவருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று அந்த மேசையில் தடங்கலின்றி நடந்த வியாபாரம் அவர் ஒருவருடையதுதான்.

பூசம் முடிந்த வாரத்தில் 24 பேர் தேடி வந்து கொடுத்தார்கள். ஒருவர் பங்குனி உத்திரத்தன்று வந்தார். இருவர் வரவேயில்லை. அந்தப் புத்தகத்தை அக்கா எனக்குக் காட்டினார். கொடுத்தவர்களின் வரியையெல்லாம் பேத்தி சிவப்புப் பென்சிலால் அளவுகோல் வைத்து அடித்திருந்தாள். ‘இழப்பு வருத்தமாக இல்லையா?’ என்று கேட்டேன். ‘22 வெள்ளி போயிருக்கு, அவ்வளவுதான்னு தெரியுது சார். எவ்வளவு போச்சுன்னு தெரியாம இருந்திருந்தாத்தான் தூக்கம் வந்திருக்காது’ என்றார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதை இதைவிட யார் விளக்க முடியும்? இப்போது அவர் மேசையில் கியூஆர் அட்டையும் இருக்கிறது, ஒரு வெள்ளிக்கும் ஐந்து வெள்ளிக்கும் தனித்தனி மைலோ டின்களும் இருக்கின்றன. ஸ்கேன் செய்கிற பிள்ளைகளிடம்கூட, ‘பையில் ஒரு பத்து வெள்ளி நோட்டு வச்சுக்க’ என்று சொல்லித்தான் அனுப்புகிறார்.

இது நம் தெருவுக்கு மட்டும் உரிய செய்தியும் அன்று. 2025 ஏப்ரல் 28ஆம் நாள் ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் மின்சாரம் அற்றுப்போனபோது, அட்டை இயந்திரங்கள் ஊமையாகி, கையில் நோட்டு வைத்திருந்தவர்களே ரொட்டியும் தண்ணீரும் வாங்க முடிந்தது. மின்வழிப் பணத்தில் நம்மைவிட வெகு தூரம் முன்னே போய்விட்ட நார்வே, கடையில் ரொக்கம் கொடுக்கும் உரிமையை வாடிக்கையாளருக்கு உறுதிசெய்யும் சட்டத்தை 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. அவர்கள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சொல்வதை நாம் கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாவது, செலவு. கைபேசி வழியே உடனுக்குடன் பணம் அனுப்பும் டூயிட்நவ் 2018இல் வந்தது. அதைத் தொடர்ந்து எல்லா வங்கிக்கும் எல்லா மின்பணப்பைக்கும் ஒரே கியூஆர் என்ற வசதியும் வந்தது. அது நமக்குப் பெரிய உதவி என்பதில் எனக்கு ஐயமில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் பல அடுப்புகளை எரிய வைத்ததும் அதுதான். ஆனால் 2023 நவம்பர் முதல் வணிகர்களிடம் கட்டணம் பிடிக்கப்படலாம் என்ற அறிவிப்பு வந்தபோது ஒட்டுக்கடைக்காரர்கள் எவ்வளவு கலங்கினார்கள் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பல வங்கிகள் சிறு வணிகர்களுக்கு விலக்குத் தந்தன. அதற்கு நன்றி சொல்வோம். எனினும் பிறர் தரும் விலக்கின்மேல் ஒரு கடையை நிறுத்த முடியாது. நூறு வெள்ளிக்குக் கால் வெள்ளிக் கட்டணம் என்பது காதுக்குச் சிறியது. இரண்டு வெள்ளித் தோசையில் இருபது காசு லாபம் பார்க்கிறவருக்கு அது ஒரு தோசையின் லாபத்தைவிடப் பெரியது. அந்த நூறு வெள்ளியில் அவருடைய லாபமே பத்து வெள்ளிதான். மேலும் விடியற்காலையில் சௌராஸ்தா சந்தையில் காய்கறி எடுக்கும்போது நேற்றைய நோட்டு கையில் இருந்தால் பேரம் பேசலாம். நேற்றைய விற்பனை வந்து சேரவில்லை என்றால் கடன் சொல்ல வேண்டும். ரொக்கத்துக்கும் செலவு உண்டு என்பதை வங்கி நண்பர் எனக்கு முன்கூட்டியே நினைவூட்டினார். எண்ணும் நேரம், சில்லறைக்கு அலைச்சல், கள்ளநோட்டு, கொள்ளை எல்லாம் உண்மையே. 2008 ஏப்ரல் 1 முதல் மொத்தத் தொகையை ஐந்து காசுக்கு முழுமையாக்கும் முறை வந்ததால் ஒரு காசு நாணயத் தொல்லையாவது தீர்ந்தது.

ஆகவே ஊக்குவிக்கலாமா என்றால், ஊக்குவிக்கலாம், வாசலில் எழுதி வைத்தே ஊக்குவிக்கலாம் என்பது என் கருத்து. ‘ரொக்கம் கொடுத்தால் மகிழ்ச்சி, ஸ்கேன் செய்தாலும் நன்றி’ என்று எழுதுங்கள். சில்லறையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எதற்காக ரொக்கம் கேட்கிறோம் என்பதில் நாம் நேர்மையாக இருந்தாக வேண்டும். குரலைத் தாழ்த்தி ‘காசாகக் கொடுங்கள்’ என்று கேட்கிற பழக்கம் நம்மிடையே உண்டு. காசு கல்லாவில் விழ வேண்டும், கணக்கில் ஏறக் கூடாது என்பதே அந்தத் தாழ்ந்த குரலின் பொருள். இதை இந்த மேடையில் நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

அறத்தை விட்டுவிட்டு வெறும் லாப நட்டமாகவே பாருங்கள். வணிகக் கணக்கை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது வருமான வரிச் சட்டம். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கடைகள் மூடிக் கிடந்தபோது, பதிவு பெற்ற நுண்தொழில்களுக்கு அரசு 3,000 வெள்ளி மானியம் தந்தது. பதினைந்து ஆண்டுகளாகப் பலகாரம் போட்டவர் ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதார். பதிவும் இல்லை, ஏடும் இல்லை. அவர் வணிகர் என்பதற்கு அவருடைய எண்ணெய்ச் சட்டியைத் தவிர வேறு சாட்சி இல்லை. இந்தியத் தொழில்முனைவோருக்கு அரசின் தெக்குன் நிறுவனம் வழியாக ஸ்புமி கடன் இருக்கிறது, இந்தியப் பெண்களுக்கு அமானா இக்தியார் நிறுவனத்தின் ‘பெண்’ என்னும் கடன் திட்டம் இருக்கிறது. ஆனால் கடன் கேட்டுப் போகிற எந்த மேசையிலும், ‘மாதம் எவ்வளவு விற்கிறது?’ என்ற கேள்விக்கு விடை வேண்டும். மறைத்து வைத்த ரொக்கம் நிலைத்ததும் இல்லை. சப்பானியர் ஆட்சிக் காலத்து, வாழைமரப் படம் போட்ட நோட்டை மூட்டை கட்டி வைத்தவர்கள் 1945இல் அதை அடுப்பெரிக்கத்தான் பயன்படுத்தினார்கள் என்று என் பாட்டி சொல்வார். நம் நாட்டின் 500, 1,000 வெள்ளி நோட்டுகளே 1999 ஜூலை 1 முதல் செல்லாதவையாயின.

ரப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, ரப்பர் மரத்தில் பால் எடுத்த நம் தாய் தந்தையரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அத்தனையும் ரொக்கம், வியர்வை காயாத நோட்டு. ஒவ்வொரு பத்து வெள்ளியும் யாருடையது என்று எழுதி வைக்கப்படாமல் இருந்திருந்தால், அது தோட்டமாக மாறியிருக்குமா? எழுத்து அதிகம் அறியாத தொழிலாளர்களின் காசே ஏட்டில் ஏறியபோது, பட்டம் பெற்ற பிள்ளைகளை வைத்திருக்கும் நாம் ஏன் இன்னும் சிகரெட் அட்டையின் பின்புறத்தில் கணக்குப் போடுகிறோம்? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்களே, நாம் கல்லாவில் போடுவதையே அளப்பதில்லையே!

பாதுகாப்பைப் பற்றியும், ‘இ-இன்வாய்ஸ்’ என்னும் மின்விலைப்பட்டியல் நம்மை எப்போது எப்படித் தொடும் என்பதைப் பற்றியும் பேச நேரம் இடம் தரவில்லை. அவற்றை அதிகாரி அவர்கள் தம் உரையில் தொடுவார் என்று நம்புகிறேன். எனக்கு மிஞ்சிய சில நிமிடங்களை, மூன்று ஆண்டுகளாக நான் போகிற இடமெல்லாம் கேட்டு வரும் ஒன்றுக்காகச் செலவிடுகிறேன். சனிக்கிழமை மாலைகளில், தமிழிலேயே, கட்டணமின்றி, ஒரு கணக்கு வகுப்பு நமக்கு வேண்டும். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். வரவுப் பக்கத்தில் ரொக்கத்துக்கு ஒரு கட்டம், கியூஆருக்கு ஒரு கட்டம். கடை சாத்தும்போது பத்து நிமிடம். அதற்குமேல் ஒன்றுமில்லை. தலைமையாசிரியை அம்மையார் தம் பள்ளியில் ஓர் அறையை ஒதுக்கித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். அதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறார். பாடம் நடத்த ஓய்வுபெற்ற கணக்காளர் இருவர் முன்வந்திருக்கிறார்கள். பூக்கடை அக்காவின் பேத்தி இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். முதல் வகுப்பில் அந்தப் பயிற்சிப் புத்தகத்தைக் கொண்டு வந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

வகுப்பு அடுத்த சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தொடங்குகிறது. பெயர் பதியும் ஏடு வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகும்முன் கடையின் பெயரையும் உங்கள் பெயரையும் எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டு, வாய்ப்பளித்த தலைவர் அவர்களுக்கு நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.