கிளி தானாக வரட்டும்: மண்டாயில் ஒரு பகல்

[காட்சி: மரக்கிளைகளுக்கு இடையே ஒரு தொங்குபாலம். நீட்டிய கையில் சிறு கிண்ணம்.]

இந்தக் கையைச் சற்றுக் கவனியுங்கள். அது அசையவில்லை, பறவை இருக்கும் பக்கமாகக் கிண்ணத்தைத் திருப்பவும் இல்லை. சில நொடிகளில் சிவப்பும் பச்சையுமாக ஒரு லோரி கிளி பறந்து வந்து, மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு கிண்ணத்துக்குள் தலையை விடுகிறது. பறவைகளுடனும் விலங்குகளுடனும் நெருங்கிப் பழக இடம் தரும் பூங்காக்களில் ஒரு பகலை எப்படிக் கழிக்கலாம், அந்த நெருக்கம் எப்படிச் சாத்தியமாகிறது என்பதை இந்தக் காணொளியில் பார்ப்போம்.

[காட்சி: பூங்காவின் நுழைவாயில்.]

இது சிங்கப்பூரின் மண்டாய் பகுதியில் உள்ள பேர்ட் பாரடைஸ். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் பறவைகள் தடையின்றிப் பறக்கும் பெரிய கூடம் ஒன்றைக் கண்டு வந்த சிங்கப்பூர் அமைச்சர் கோ கெங் சுவீயின் முனைப்பால், 1971 ஜனவரி 3 அன்று ஜூரோங் பறவைப் பூங்கா திறக்கப்பட்டது. சரியாக 52 ஆண்டுகளுக்குப் பின் அது மூடப்பட்டது. அதன் பறவைகள் மண்டாய்க்கு இடம் மாற, 2023 மே மாதத்தில் 17 ஹெக்டேர் பரப்பில் இந்தப் புதிய பூங்கா திறக்கப்பட்டது. ஏறத்தாழ 400 இனங்களைச் சேர்ந்த 3,500 பறவைகள் இங்கே வாழ்கின்றன. இவற்றில் பலவற்றைக் கம்பிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதில்லை. நாமே உள்ளே நடந்து செல்லக்கூடிய எட்டுப் பெரிய பறவைக்கூடங்கள் இருக்கின்றன.

காத்திப் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்திலிருந்து மண்டாய்க்குப் பேருந்து கிடைக்கும். காலை ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே இருப்பது நல்லது. வெயில் ஏறிய பின் பல பறவைகள் நிழலுக்குள் ஒதுங்கிவிடும்.

[காட்சி: லோரியின் நாக்கு, மிக அருகில்.]

லோரிகளின் கூடத்துக்கு மீண்டும் வருவோம், ஏனெனில் இந்தப் பூங்காவில் நான் அதிக நேரம் நின்ற இடம் அதுதான். நம் ஊர்ப் பச்சைக்கிளி நெல்லையும் கொட்டைகளையும் அலகால் உடைத்துத் தின்னும். ஆஸ்திரேலியாவிலும் நியூகினியாவிலும் சுற்றியுள்ள தீவுகளிலும் வாழும் லோரியோ பூந்தேனையும் மகரந்தத்தையும் நம்பி வாழும் கிளி. அதன் நாக்கு நுனியில் மெல்லிய இழை போன்ற முளைகள் உண்டு. உண்ணும் வேளையில் அவை விரிந்து நிமிர, நாக்கு நுனி ஒரு சிறு தூரிகையாகிவிடுகிறது. கிண்ணத்தில் இருக்கும் இனிப்பு நீரை அது குடிப்பதாக நமக்குத் தோன்றும். உண்மையில் தூரிகையைத் தோய்த்துத் தோய்த்து எடுக்கிறது. உங்கள் விரலில் ஒரு துளி சிந்தியிருந்தால் அந்தத் தூரிகை விரலையும் தடவிவிட்டுப் போகும். கடினமான விதைகளை அரைக்கும் வலு அதன் இரைப்பைக்கு இல்லாததால், பைக்குள் இருக்கும் ரொட்டியையோ கடலையையோ அன்பின் பேரில் நீட்டுவது அதற்குக் கேடு. பூங்காவில் தரும் கிண்ணத்தைத் தவிர வேறெதையும் கொடுக்காதீர்கள்.

பிள்ளைகளுடன் செல்பவர்கள் ஒன்றை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கிளி கையில் அமர்ந்ததும் அதைத் தடவிப் பார்க்க ஆசை எழும். ஆனால் மேலிருந்து இறங்கும் கை, பறவையின் கண்ணுக்கு இரைதேடும் பருந்தைப் போன்றது. கையைத் தாழ்வாக வைத்து அசையாமல் நின்றால் அது வரும், வேண்டாமென்றால் பறந்துபோகும். வரவும் போகவும் அதற்கு வழி இருப்பதால்தான் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. வெளியே வந்ததும் சோப்பால் கைகளைக் கழுவிக்கொள்ளுங்கள்.

[காட்சி: அருவி, அதன் கீழே பூநாரைகள்.]

20 மீட்டர் உயர அருவியின் அடியில் பூநாரைகளும் செந்நிற அரிவாள்மூக்கன்களும் நிற்கின்றன. உணவில் உள்ள கரோட்டினாய்டு நிறமிகளே அவற்றுக்கு இந்தச் சிவப்பைத் தருகின்றன. பெங்குயின்களின் குளிர்க் கூடத்துக்குச் செல்லும்போது பிள்ளைகளுக்கு ஒரு மேலாடை எடுத்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: சிங்கப்பூர் விலங்குத் தோட்டம், பிற்பகல்.]

அருகிலேயே 1973-இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் விலங்குத் தோட்டம் இருக்கிறது. சிறு பிள்ளைகள் இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம் என்பதே என் கருத்து. நேரம் இருப்பவர்கள் ஒட்டகச்சிவிங்கிக்கு உணவளிக்கும் வேளையைத் தவறவிடாதீர்கள். ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமுள்ள கருநிற நாக்கு, நீங்கள் நீட்டும் கேரட் துண்டைச் சுற்றி வளைத்து வாங்கிக்கொள்ளும். மழைக்காட்டுக் கூடத்தில் வளையவால் லெமூர்கள் உங்கள் காலடியைக் கடந்து நடக்கும். பழந்தின்னி வௌவால்கள் தலைக்கு அருகே தொங்கியபடி பழம் தின்னும்.

இந்தத் தோட்டத்தின் மிகப் பிரபலமான விலங்கு ஆ மெங் என்ற பெண் ஒராங்குட்டான். சட்டவிரோதமாக ஒரு வீட்டில் வளர்க்கப்பட்டு 1971-இல் மீட்கப்பட்ட அது, 1982 முதல் பார்வையாளர்களோடு காலை உணவில் கலந்துகொண்டது. 2008 பிப்ரவரி 8 அன்று இறந்தது. அந்தக் காலை உணவு வேளைகளில் மக்கள் அதன் அருகில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் நமக்கு வரும் சளியும் காய்ச்சலும் ஒராங்குட்டானுக்கும் தொற்றும் என்பதால், அவ்வளவு நெருங்காமல் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதே அவற்றுக்குப் பாதுகாப்பு. அந்த இடைவெளியால் நமக்கு இழப்பு எதுவும் இல்லை.

[காட்சி: உயரத்தில் கட்டிய கயிறுகள், மாலை ஒளி.]

மாலையில் நடைபாதையில் நின்று அண்ணாந்து பாருங்கள். தாய் ஒராங்குட்டான் ஒன்று, வயிற்றோடு ஒட்டிய குட்டியுடன் நம் தலைக்கு மேலே கயிற்றில் கடந்து போகிறது. நடுவில் ஒரு கணம் நின்று நம்மைக் குனிந்து பார்த்துவிட்டு, அடுத்த மரத்தின் கிளையைப் பிடித்துக்கொள்கிறது.